குனிஹிகோ சேர்த்த இலவச இரவுகள்

அந்த வாசனையை முதலில் கண்டுபிடித்தது இகுயோவின் மூக்குதான்.

கணவர் குனிஹிகோ வாசலில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பையை வாங்குவதற்காக இகுயோ குனிந்தாள். நரைத்த தலையிலிருந்து லேசாக எலுமிச்சை மணம் வந்தது. அவ்வளவுதான். அவள் கை பையின் பிடியிலேயே நின்றுவிட்டது.

"வந்துட்டேன்," என்றார் அவர், தலை நிமிராமல்.

"வாங்க, வந்துட்டீங்களா," என்றாள் அவள்.

எங்கள் நீகாதா ஊரில் எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற வாக்கியங்கள்தான். வெளியே போய்த் திரும்புகிறவர் முதலாவதைச் சொல்வார். வீட்டில் காத்திருப்பவர் இரண்டாவதைச் சொல்வார். இந்த ஹோஷினா குடும்பத்தில் அதைச் சொல்லும் உரிமை கல்யாணமான நாளிலிருந்து இகுயோவுக்கு மட்டுமே சொந்தம்.

"ஓனோதெரா சான் வீட்ல நல்லாத் தூங்கினீங்களா?"

"ம். தூங்கினேன், தூங்கினேன்."

"அவங்க வீட்ல என்ன ஷாம்பு?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மிசோ சூப் சூடு பண்ணட்டுமா?"

"வேண்டாம்மா. சாப்பிட்டாச்சு."

அவர் மாடிக்குப் போனார். இகுயோ பையைக் கட்டிப்பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அந்த மணம் அவளுக்குப் புதிதா என்ன? எத்தனை வருடங்கள் அந்த மணத்தோடு அவர் வீடு திரும்பியிருக்கிறார்! அது பச்சைப் பலகை விடுதியின் ஷாம்பு. ஜப்பான் முழுக்க ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் கிளை வைத்திருக்கும் அந்த மலிவு விடுதியை எல்லோரும் பச்சைப் பலகை என்றுதான் சொல்வார்கள். வேலையில் இருந்தபோது அந்த மணம் வந்தது நியாயம். ஆனால் அவர் மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். நேற்று இரவு சகாதா ஊரில், பழைய வாடிக்கையாளர் ஓனோதெராவின் வீட்டில் தங்கியதாக அல்லவா சொல்லியிருந்தார்?

நண்பர் வீட்டில் தங்கியவர் தலையில் விடுதி எப்படி மணக்கும்? விடுதியில் தங்கியதை ஒரு மனிதன் எதற்காக மறைப்பான்?

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எல்லா மனைவிகளுக்கும் ஒரே பதில்தான் தெரியும்.

*

ஹோஷினா குனிஹிகோவை எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சிக்கனமான மனிதர், சத்தமில்லாத மனிதர். மீன் சந்தைகளில் வைக்கும் பெரிய தராசுகளை விற்கும் கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். மேற்குக் கடற்கரை முழுவதும் அவருடைய பகுதி. ஞாயிறோ திங்களோ ரயிலேறினால் வெள்ளிக்கிழமைதான் வருவார். உப்புக்காற்றில் துருப்பிடித்த தராசைப் பழுது பார்க்க, புதியதை விற்க, சந்தைக்காரர்களோடு குடிக்க என்று ஊர் ஊராகச் சுற்றி, ராத்திரியில் பச்சைப் பலகையில் படுப்பார்.

மலிவு விடுதியில் எப்படித் தங்க வேண்டும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அறை வாடகை கம்பெனியுடையது, ஆனால் உறுப்பினர் அட்டையும் அதில் ஏறும் புள்ளிகளும் படுக்கிறவனுடையவை. விற்பனையாளர்களுக்கு இது ஊரறிந்த சின்னச் சலுகை. பத்து இரவு தங்கினால் ஓர் இரவு இலவசம். ஞாயிற்றுக்கிழமை விடுதி காலியாகக் கிடக்கும் என்பதால் அன்றைக்கு இரட்டைப் புள்ளி. அதனால் திங்கள் காலைச் சந்திப்புக்கு ஞாயிறு மாலையே போய்விடுவார். இரண்டு நாள் தங்கினால் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று கதவில் அட்டை மாட்டுவார், அதற்கும் ஒரு புள்ளி. மின்தூக்கிக்குப் பக்கத்து அறையும், பனிக்கட்டி இயந்திரத்துக்கு எதிர் அறையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். விலையில் சேர்ந்துவிட்ட காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே காசு கொடுத்துத் தின்கிறவனைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கம்பெனியில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் சொல்லும் அறிவுரையைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். "நாலு இடத்துல படுக்கிறவனுக்கு எங்கேயும் ஒண்ணும் கிடைக்காது. ஒரே இடத்துல படு. விசுவாசமா படு."

அந்த வேடிக்கையைப் பல விருந்துகளில் கேட்டு இகுயோவும் சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்தப் புள்ளிகளுக்கு அவளும் பங்காளி. மகள் மாஹோ காய்ச்சலில் அனத்திய இரவுகளில் அவர் அக்கிதாவில் இருந்தார். பனி கூரையை அழுத்திய இரவுகளில் கனசாவாவில் இருந்தார். தொலைபேசியில் அவள் விசும்பும்போதெல்லாம் அவர் ஒன்றையே சொல்வார். "அழாதேம்மா. நான் இங்க படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் நமக்குச் சேருது. ஓய்வு பெற்ற அன்னிக்கே கிளம்பிடலாம். வடக்கே ஹொக்கைடோ முனையில ஆரம்பிச்சு தெற்கே ககோஷிமா வரைக்கும். எல்லா ஊர்லயும் இலவசம். நீயும் நானும் மட்டும்."

அவர் இல்லாத இரவுகளை எல்லாம் அவள் அப்படித்தான் தாங்கினாள். அவை செலவாகவில்லை, சேர்கின்றன என்று நம்பினாள். பாவம், நம்பினாள்!

மார்ச் போயிற்று. செர்ரி பூத்து உதிர்ந்தது. வயலில் நாற்று வளர்ந்து, கதிர் முற்றி, அறுவடையும் முடிந்தது. பயணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும், "பழைய தராசு ஒண்ணு மக்கர் பண்ணுதாம்" என்று கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்.

*

"என்னங்க, அக்டோபர் கடைசியில அவோமோரி போலாமா? இலையெல்லாம் செவந்திருக்கும்."

குனிஹிகோ செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தார். "இலை சீசன்ல இலவச ராத்திரி செல்லாதும்மா."

"சனிக்கிழமைதானே செல்லாது? வார நாள்ல செல்லும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க."

"விதியை மாத்திட்டாங்க."

"எப்போ?"

"இப்போதான்."

"சரி, எவ்வளவு ராத்திரி சேந்திருக்குன்னு காட்டுங்க, பாக்கலாம்."

மேஜையிலிருந்த கைபேசியை அவர் கவிழ்த்து வைத்தார். மெதுவாகத்தான், ஒன்றும் நடக்காதது போலத்தான். ஆனால் விருந்தாளிகள் வந்தால்கூடப் புள்ளிக் கணக்கைத் திறந்து காட்டிப் பெருமைப்படும் மனிதர் அவர். அந்தக் கைபேசி கவிழ்ந்த சத்தம் இகுயோவின் நெஞ்சில் விழுந்தது.

அன்று மாலை டோக்கியோவிலிருக்கும் மகளை அழைத்தாள்.

"மாஹோ, உங்கப்பாவுக்கு இன்னொருத்தி இருக்கா."

"அம்மா! அப்பாவுக்கா? அவர் ரெண்டு சட்டைக்கு மேல வாங்க மாட்டார். ரெண்டு பொம்பளைக்கு எங்க போவார்?"

"சிரிக்காதேடி. தலையில ஷாம்பு வாசனை."

"தலைன்னா ஷாம்பு வாசனைதாம்மா வரும்."

"உனக்குப் புரியாது. நீ கல்யாணம் பண்ணிக்கலையே."

"ஆரம்பிச்சுட்டியா? வெச்சுடட்டுமா?" என்றாள் மகள். வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, ஓனோதெரா அங்கிள் போன வருஷமே சந்தையை விட்டுட்டு மகன் வீட்டுக்குப் போயிட்டார்னு அப்பாவே சொன்ன ஞாபகம். நீ அவர் வீட்டுக்கு ஒரு போன் பண்ணிப் பாரேன்?"

இகுயோ பண்ணவில்லை. பண்ணினால் தெரிந்துவிடுமே! தெரியாமல் இருப்பதும் ஒரு கூரைதான். அதன் கீழே இன்னும் கொஞ்ச நாள் நிற்கலாம் அல்லவா?

ஆனால் விதி அவளை நிற்க விடவில்லை. அடுத்த முறை அவர் "சகாதா" போன மாலை, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்ற சாக்கில் அவரை அழைத்தாள்.

"திருகாணியை வலப்பக்கம் முறுக்கும்மா. காலையில வந்து பாக்குறேன்," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஏதோ கதவு திறக்கும் ஓசை. காலடி. உடனே ஓர் இளம் பெண்ணின் குரல், தேன் தடவியது போல, தெளிவாக:

"வாங்க, வந்துட்டீங்களா!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

இகுயோ அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய வாக்கியம்! அவள் வாசலில், அவள் வாயால் மட்டும் சொல்லப்பட வேண்டிய வாக்கியம்! ஒருத்தி அதை அவ்வளவு உரிமையோடு சொல்கிறாள் என்றால் அது விடுதியாக இருக்க முடியாது. வீடு. எங்கோ அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது.

*

குப்பை போடும் காலையில்தான் எங்கள் தெருவில் செய்திகள் கைமாறும். பக்கத்து வீட்டு ஷிராகி சான் காக்கை கிளறாமல் குப்பைமேல் விரித்த வலையைத் தூக்கிப் பைகளை உள்ளே தள்ளியபடி இகுயோவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"ஹோஷினா சான் நேத்தும் ஊர்ல இல்லையா? குடுத்து வெச்சவ நீ. என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து மழையில நனைஞ்ச இலை செருப்புல ஒட்டிக்குமே, அப்படி ஒட்டிக்கிட்டிருக்கார். நான் கழிவறைக்குப் போனாக்கூட 'எங்க போறே?'ங்கறார்."

"எங்கவர் சகாதா போயிருக்கார். தராசு வேலை."

ஷிராகி சானின் கை வலையிலேயே நின்றது. "சகாதாவா? நேத்து சாயங்காலம் அவரை நான் நம்ம ஸ்டேஷன் தெற்கு வாசல்ல பாத்தேனே!"

"நம்ம ஸ்டேஷன்லயா?"

"அந்தப் பச்சைப் பலகை விடுதிக்குள்ள போனார். கையில கடைப் பை. புட்டிங் வாங்கியிருந்தார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு கிண்ணம்."

இரண்டு!

"ஒருவேளை பசியோ என்னவோ," என்றாள் ஷிராகி சான், அதை நம்பாத முகத்தோடு. "நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. ஆனா பேங்க் புத்தகம் எங்க இருக்குன்னு மட்டும் பாத்து வெச்சுக்கோ. இந்த வயசுலதான் நிறைய பேர் விவாகரத்து வாங்குறாங்களாம். என் அண்ணி சொன்னா."

பேருந்தில் ஏறினால் சட்டென்று போய்விடும் தூரத்தில், சொந்த ஊரில்! சொந்த வீட்டில் படுக்கை இருக்கும் ஊரில் ஒருவன் விடுதிக்குப் போகிறான். இனி என்ன சந்தேகம் பாக்கி?

*

வியாழக்கிழமை மதியம் குனிஹிகோ பையை எடுத்தார். "அந்தத் தராசு மறுபடியும்..." என்று ஆரம்பித்தார்.

"போயிட்டு வாங்க," என்றாள் இகுயோ, அவரை முடிக்கவிடாமல்.

அவர் தெருமுனை திரும்பியதும் அவளும் புறப்பட்டாள். மாஹோவின் பட்டமளிப்புக்கு உடுத்திய சாம்பல் நிற உடையை அணிந்தாள். உதட்டுச் சாயம் பூசினாள். தோற்கப் போகிறவள் அலங்கோலமாகப் போய்த் தோற்கக் கூடாது! வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்தாள். "நான் யார் தெரியுமா?" வேண்டாம். "எத்தனை நாளா?" அதுவும் வேண்டாம். டாக்ஸி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். அப்போதுதான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.

டாக்ஸி அவரை முந்திவிட்டது. விடுதிக் கூடத்தில், காலைச் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே ஒரு பெரிய தூண் இருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்தாள். வரவேற்பு மேஜையில் ஒரு பெண் நின்றாள். மார்பில் நகுமோ என்று பெயர்ப் பட்டை. இளமை. அழகு. புருவம்கூட அழகு. இவளேதானா? மாஹோவை விடச் சின்னவள் போல இருக்கிறாளே, கடவுளே!

கண்ணாடிக் கதவு திறந்தது. குனிஹிகோ உள்ளே வந்தார்.

"வாங்க ஹோஷினா சான், வந்துட்டீங்களா!" அதே குரல். அதே தேன்.

"வந்துட்டேன்," என்றார் குனிஹிகோ.

அந்தக் குரலை இகுயோ வீட்டில் கேட்டதே இல்லை. தோள் தளர்ந்து, மூச்சு இறங்கி, சுமையைக் கீழே வைத்தவன் சொல்வது போன்ற குரல்.

"உங்க தலையணையைப் போட்டு வெச்சிருக்கேன். அதே அறைதான்," என்று சாவி அட்டையை நீட்டினாள் நகுமோ.

இகுயோ எழுந்தாள். தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ! நேராக மேஜைக்கு நடந்தாள்.

"எனக்கும் ஒரு சாவி குடும்மா," என்றாள்.

குனிஹிகோவின் கையிலிருந்த கடைப் பை தரையில் விழுந்தது. "நீ... நீ எங்க இங்க?"

"இது உங்க வீடாமே. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நகுமோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மன்னிக்கணும், அது ஒருத்தருக்கான அறை. பதிவு பண்ணாதவங்க மேல போகக் கூடாது..."

"ஒருத்தருக்கானதா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"ஏம்மா, எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும்! இந்தப் பொண்ணு உங்களுக்குத் தலையணை போடுறா, வாசல்ல வரவேற்கிறா. நான் யாரு? இந்த மனுஷனுக்கு நான் யாரு?"

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு மறுபடி திறந்தது. தொப்பை வைத்த ஒரு மனிதர், விற்பனை மாதிரிகள் வைத்த பெட்டியை இழுத்தபடி வியர்த்து வழிந்து உள்ளே வந்தார். நகுமோ பழக்கத்தில் குனிந்து வணங்கினாள். அழப்போகும் முகத்தோடேயே சொன்னாள்:

"வாங்க யோகோ சான், வந்துட்டீங்களா!"

"வந்துட்டேன், வந்துட்டேன். என்ன வெயிலு!" என்றார் தொப்பைக்காரர்.

இகுயோ அவரையும் நகுமோவையும் பார்த்தாள். "அவரும்..."

"அடிக்கடி வந்து தங்க நிற அட்டை வாங்கினவங்க எல்லாருக்கும் அப்படித்தாங்க சொல்லணும்," என்றாள் நகுமோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வசந்தத்துல தலைமை அலுவலகம் புது விதி போட்டாங்க. வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணுமாம். தலையணையும் தங்க அட்டைக்கு உண்டு. சத்தியமா வேற ஒண்ணும் இல்லீங்கம்மா."

தொப்பைக்காரர் குனிஹிகோவின் காதில், "வீட்டம்மாவா? தைரியமா இருங்க," என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்கு ஓடினார்.

*

இரட்டைக் கட்டில் அறைக்கு மாற, இலவச இரவோடு மிச்சத்தைக் கட்ட வேண்டியிருந்தது. குனிஹிகோ வாழ்க்கையில் முதல் முறையாக விலை கேட்காமல் கட்டினார்.

அறைக்குள் நுழைந்ததும் இகுயோ பேசவில்லை. குளியலறை விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால், வாசலைக் காட்டினாலும் சட்டென்று போவதில்லை.

"ரெண்டு புட்டிங் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"ரெண்டுமா?"

"உறுப்பினர் கூப்பன். ஒண்ணு வாங்கினா ரெண்டாவது பாதி விலை."

அது அவரேதான். அதில் பொய் இருக்க முடியாது. இகுயோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எதுக்காக இங்க வர்றீங்க?"

குனிஹிகோ எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து தலை குனிந்துகொண்டார். பிறகு, திருடிப் பிடிபட்ட குழந்தை போல, முணுமுணுத்தார்.

"தூங்க."

"என்ன?"

"வீட்ல எனக்குத் தூக்கம் வரலம்மா." அவர் குரல் உடைந்தது. "அக்கிதா ஆனாலும் கனசாவா ஆனாலும் இதே அறை. விளக்கு இடது பக்கம். சின்ன குளிர்பெட்டி இப்படித்தான் உறுமும். இதே திரை. இதுலயே படுத்துப் படுத்து உடம்பு பழகிடுச்சு. வீட்டுப் பாய்ல படுத்தா கண்ணு மூடவே மாட்டேங்குது. மார்ச்சுலேர்ந்து விடிய விடிய கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். பைத்தியம் பிடிச்சுடும்னு பயந்தேன். ஒரு நாள் கம்பெனிக்காரங்க வெச்ச விருந்துக்கு நான் இந்தப் பக்கம் வந்தப்போ கடைசிப் பஸ் போயிடுச்சு. சரி, ஒரு இலவச ராத்திரிதானேன்னு இங்க படுத்தேன். செத்தவன் மாதிரித் தூங்கினேன்மா."

"லீவு நாள்ல வீட்ல தூங்குவீங்களே? குறட்டை விடுவீங்களே! நான் எத்தனை நாள் கேட்டிருக்கேன்!"

அவர் இன்னும் குனிந்துகொண்டார்.

"அது... நானா விட்டது. நான் முழிச்சிருந்தா நீ கவலைப்பட்டு எழுந்து உக்காந்துக்குவே. குறட்டை கேட்டா நிம்மதியா தூங்கிடுவே."

"இத்தனை வருஷமா பொய்க் குறட்டையா!"

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறொரு பெண் இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஒரு கட்டிலோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு குளிர்பெட்டியின் உறுமலை எப்படிச் சபிப்பது?

"வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? 'உன் பக்கத்துல எனக்குத் தூக்கம் வரல'ன்னு பொண்டாட்டிகிட்ட ஒருத்தன் சொல்லுவானா?"

"இலவச ராத்திரி எவ்வளவு மிச்சம் இருக்கு?"

அவர் கைபேசியை எடுத்து, இம்முறை நிமிர்த்தியே அவளிடம் கொடுத்தார். இகுயோ பார்த்தாள். சேர்ந்ததில் சொற்பமே பாக்கி. ஹொக்கைடோ இல்லை. ககோஷிமா இல்லை. நடுவில் இருக்கும் ஊர்களில் அநேகம் இல்லை. எல்லாவற்றையும் இந்த விடுதியில், பேருந்து தூரத்தில், அவர் தூங்கித் தீர்த்திருந்தார்.

"என்கூட இல்லாத ராத்திரியை எல்லாம் எனக்குன்னு சேத்து வெக்கிறதா சொன்னீங்க," என்றாள் இகுயோ. கண்ணீர் உதட்டுச் சாயத்தைத் தொட்டது. "அதை நம்பித்தான் தனியாப் படுத்தேன். இப்போ அதையும் நான் இல்லாமலேயே செலவு பண்ணிட்டீங்களே!"

கைபேசியைக் கட்டிலில் வைத்தாள்.

"என்னங்க? வாயைத் திறந்து பேசுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் சாய்ந்தபடி, கழுத்து ஒரு பக்கம் சரிந்து, குனிஹிகோ கண்களை மூடியிருந்தார். திரையிடுக்கில் மாலை வெயில் இன்னும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. குறட்டை இல்லை. மூச்சின் சத்தம்கூட இல்லை.

இகுயோவுக்குச் சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? இத்தனை காலம் தூங்குவதாக நடித்த மனிதர்! சண்டையிலிருந்து தப்பிக்க இப்போதும் நடிக்கிறாரோ?

"உங்க அக்கா குடுத்த அந்த நீலப் பூஜாடி," என்றாள் சன்னமாக, அவர் இமைகளைக் கவனித்தபடி. "அது நிலநடுக்கத்துல உடையல. நான்தான் போட்டேன். வேணும்னே போட்டேன்."

இமை அசையவில்லை.

"உங்க மீன்பிடித் தூண்டிலை ஷிராகி சான் வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேன்."

அசைவில்லை. இதற்கு அசையாத குனிஹிகோ உலகத்தில் இல்லை.

அவள் அருகே போய் மண்டியிட்டாள். கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக, சீராக வந்தது மூச்சு. இத்தனை வருடம் வாழ்ந்தும் இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்து, நெற்றிச் சுருக்கமெல்லாம் கரைந்து, கல்யாணப் புகைப்படத்திலிருக்கும் அந்தப் பையன் படுத்திருந்தான். இகுயோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை கோபத்தில் இல்லை.

அழுது முடித்தபோது, அறையை நிதானமாகப் பார்த்தாள். இடது பக்க விளக்கு. உறுமும் குளிர்பெட்டி. அவோமோரியிலும் இதே விளக்கு, ககோஷிமாவிலும் இதே உறுமல் என்றல்லவா சொன்னார்? வீட்டில்தான் அவருக்குத் தூக்கம் இல்லை. வழியெல்லாம் இருக்கிறதே! முகத்தைக் கழுவிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

நகுமோ அவளைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கினாள்.

"பயப்படாதே. எனக்கு ஒரு உறுப்பினர் அட்டை போடு."

"உங்க பேர்லயா?"

"என் பேர்லதான். இனிமே படுக்கிற ராத்திரி எல்லாம் என் கணக்குல ஏறட்டும். அவர் கையில குடுத்தா தூங்கியே தீத்துடுவார்." அட்டையில் ஒட்டும் புகைப்படத்துக்காக முடியைச் சரி செய்துகொண்டாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை அவோமோரியில ரெட்டைக் கட்டில் அறை இருக்கா பாரு. அப்படியே வடக்கே ஹொக்கைடோ முனை வரைக்கும். மின்தூக்கிக்குப் பக்கத்துல வேண்டாம்."

நகுமோவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "இருக்குங்க. ரெண்டு பேரா?"

இகுயோ மாடியை நிமிர்ந்து பார்த்தாள். பச்சாதாபம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த நேரமும், டாக்ஸியில் நனைந்த கன்னமும் இன்னும் காயவில்லை.

"ரெண்டு பேர்தான். ஆனா அவர் எழுந்து வந்து கேட்டா, நான் ரெண்டு கட்டில் போட்டிருக்கேன்னு மட்டும் சொல்லு. யாரோடன்னு சொல்லாதே. அவரும் கொஞ்சம் சந்தேகப்பட்டுப் பாக்கட்டும்."

"ஐயோ, தங்குறவங்களைப் பத்தி நாங்க யார்கிட்டயும் எதுவுமே சொல்லக் கூடாதுங்கம்மா. புருஷனா இருந்தாலும் சரி, 'அந்தப் பேர்ல எதுவும் சொல்ல முடியாது'ன்னுதான் சொல்லணும்."

"அப்படியா?" என்றாள் இகுயோ. பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "அது இன்னும் நல்லா இருக்கு. அப்படியே சொல்லு."